பழைய கடனட்டை ஒப்பந்தம் நீதிமன்றத்தில் நிற்குமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஐந்து, பிரித்தானிய வங்கிகளிடம் எடுத்த கடனட்டைகளின் ஒப்பந்தங்களைப் பற்றியவை. ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றொன்றுக்கும் துணையாக இருக்கும் என்பதால் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்து வேறுபடும் முக்கியமான ஓரிடத்தை உரிய இடத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: 2002ஆம் ஆண்டு வங்கிக் கிளையொன்றில் படிவம் நிரப்பிக் கடனட்டை எடுத்தேன். 2020இல் நான் வேலை செய்த உணவகம் மூடப்பட்டதும் தவணை கட்ட முடியாமல் போனது. வங்கி கடனை இன்னொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அந்த நிறுவனத்துக்கு 2021 முதல் மாதம் 20 பவுண் வீதம் கட்டிவந்து, சென்ற டிசெம்பரில் நிறுத்தினேன். இப்போது 6,840 பவுண் கேட்டு நெருக்குகிறார்கள். “2007க்கு முந்திய அட்டை என்றால் கடனையே இல்லாமல் செய்துவிடலாம்” என்று நண்பர் சொல்கிறார். அதைச் செய்துதர ஒருவர் 400 பவுண் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், ஹரோ

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டுப் பெறுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் கட்டணம் 1 பவுண் மட்டுமே. அதற்கான கடிதத்தை நீங்களே எழுதலாம். எழுத இயலாவிட்டால் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிற்றிசன்ஸ் அட்வைஸ் ஆகியவை ஒரு பென்னியும் வாங்காமல் வழிகாட்டுகின்றன. கடனில் இருப்பவரிடம் முற்பணம் கேட்பவர், அவரை இன்னும் 400 பவுண் ஆழத்துக்குத் தள்ளுகிறார் என்பதே என் எண்ணம்.

நண்பர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது; அதைவிடப் பெரிய தவறும் இருக்கிறது. உண்மையை முதலில் பார்ப்போம். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டமும் அதன் கீழ் 1983இல் வந்த ஒழுங்குவிதிகளும், கடனட்டை ஒப்பந்தமொன்றில் மூன்று விடயங்கள் இருந்தே ஆக வேண்டும் என்று வகுத்தன: கடனின் உச்ச வரம்பு அல்லது அது எப்படித் தீர்மானிக்கப்படும் என்பது, வட்டி வீதம், பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டிய முறை. இம்மூன்றும் அடங்கிய பத்திரத்தில் கடன் பெறுபவர் கையொப்பமிட்டிருக்கவும் வேண்டும். 2007 ஏப்ரல் 6ஆம் திகதிக்கு முன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இவற்றுள் ஒன்று விடுபட்டிருந்தாலும், சட்டத்தின் 127ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு நீதிபதியின் கையைக் கட்டிவிட்டது. கடன் வாங்கியவர் பணத்தைப் பெற்றுச் செலவழித்தது தெளிவாகத் தெரிந்தாலும், அதை அறவிடும் கட்டளையை அவர் வழங்க முடியாது.

அந்த விதி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்லலாம். 1999இல் ஒரு பெண் தன் காரை அடகு வைத்து 5,000 பவுண் கடன் வாங்கினார். ஆவணக் கட்டணமாகிய 250 பவுணையும் சேர்த்து, கடன் தொகை 5,250 பவுண் என்று நிறுவனம் பத்திரத்தில் எழுதியது. கட்டணம் கடன் ஆகாது, ஆகவே கடன் தொகை பிழையாக எழுதப்பட்டிருக்கிறது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. அந்த ஒரு பிழையால் கடன், வட்டி, அடகு மூன்றையும் நிறுவனம் இழந்தது. 2003இல் வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றபோதும், பாராளுமன்றம் தெரிந்தே வகுத்த விதி அது என்று சொல்லி அதற்குக் குறுக்கே நிற்க நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். பின்னர் 2006ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்த உட்பிரிவை நீக்கியது. ஆனால் 2007 ஏப்ரல் 6 முதல் செய்யப்பட்ட ஒப்பந்தங்களுக்கு மட்டுமே நீக்கம் பொருந்தும். உங்களது 2002ஆம் ஆண்டு ஒப்பந்தம் பழைய விதியின் கீழ்தான் வருகிறது.

தவறு எங்கே என்றால், பழைய விதியின் கீழ் வருவதாலேயே ஒரு கடன் அழிந்துவிடுவதில்லை. பெரிய வங்கிகளின் படிவங்களிற் பல அந்த மூன்று விடயங்களையும் சரியாகவே கொண்டிருந்தன. உங்கள் படிவம் எப்படி இருந்தது என்பதைப் பார்க்காமல் எவரும் உங்களுக்கு உறுதி சொல்ல முடியாது. அது குறைபாடுள்ளது என்றே தெரியவந்தாலும், கடன் என்பது இருந்துகொண்டுதான் இருக்கும். நீதிமன்றத் தீர்ப்பின் மூலம் அறவிடும் உரிமை மட்டுமே இல்லாமற் போகிறது. 2009 ஒக்டோபரில் ரோயல் பாங்க் ஒஃப் ஸ்கொட்லாந்து தொடர்பான வழக்கில் இலண்டன் வணிக நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது: அறவிட முடியாத நிலையிலும் வங்கி பணத்தைக் கேட்கலாம், நிலுவையைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கலாம், அவை சட்டத்தின் பொருளில் அறவிடல் ஆகா.

காலாவதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பலர் இதிலேயே இடறுவதால் சொல்கிறேன். 1980ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி ஒப்பந்தக் கடனுக்கு வழக்கு வைக்க 6 ஆண்டுகள் உண்டு. கடனட்டையைப் பொறுத்தவரை, தவணை தவறியதற்காக அனுப்பப்படும் அறிவித்தலில் கொடுத்த அவகாசம் முடிந்த நாளிலிருந்தே அந்தக் காலம் ஓடத் தொடங்கும் என்று 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டு முடிவதற்குள் ஒரு பவுண் கட்டினாலும், கடனை ஏற்று எழுத்தில் கையொப்பமிட்டாலும், கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் சென்ற டிசெம்பர் வரை 20 பவுண் கட்டியிருப்பதால் இந்த வழி உங்களுக்கு இப்போது இல்லை. ஸ்கொட்லாந்தில் காலம் 5 ஆண்டுகள். அங்கே காலம் முடிந்ததும் கடனே அற்றுப்போகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது இது. கடனை இப்போது வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, கணக்கிலக்கத்தைக் குறிப்பிட்டு, 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தின் பிரதியையும், அதில் குறிப்பிடப்பட்ட ஏனைய ஆவணங்களையும், கணக்கின் இன்றைய நிலையையும் அனுப்பும்படி எழுதுங்கள். “நாங்கள் வங்கியல்ல, கடனை வாங்கியவர்கள் மட்டுமே” என்று அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது. கடன் கொடுத்தவர் என்ற சொல்லுக்குள் கடனை வாங்கியவரையும் சட்டம் அடக்குகிறது. 1 பவுணுக்குக் காசோலையோ தபால் கட்டளையோ இணைத்து, அது இந்தக் கோரிக்கைக்கான கட்டணம் மட்டுமே, கடனுக்கான கொடுப்பனவு அல்ல என்று எழுதுங்கள். எந்தக் கடனையும் நான் ஏற்றுக்கொள்வதாக இக்கடிதத்தைக் கொள்ளக் கூடாது என்ற வரியையும் சேருங்கள். தபாலகத்தில் அனுப்பியதற்கான சான்றைக் கேட்டால் இலவசமாகவே தருவார்கள், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடிதம் கிடைத்தபின் அவர்களுக்கு 12 வேலை நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள் தராவிட்டால், தரும்வரை ஒப்பந்தத்தை அறவிடும் உரிமை அவர்களுக்கு இல்லை. தந்துவிட்டால் அந்த உரிமை மீண்டும் வந்துவிடும் என்பதை நினைவில் வைத்திருங்கள். அதே வேளையில், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்களைப் பற்றிய பதிவுகள் அனைத்தையும் தரும்படி பழைய வங்கிக்கும் தனியாக எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். நீங்கள் அன்று கையொப்பமிட்ட படிவம் எங்காவது எஞ்சியிருந்தால் அது பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வெளிவரும்.

கேள்வி: நான் 2003இல் குரொய்டனில் வாடகைக்கு இருந்தபோது அட்டை எடுத்தேன், 2011இல்தான் ரூற்றிங்குக்கு வந்தேன். 78ஆம் பிரிவின்படி எழுதியதற்கு நான்கு பக்கங்கள் வந்திருக்கின்றன. எதிலும் என் கையொப்பம் இல்லை. இது போலி ஆவணம்தானே? பிரதிகளை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, ரூற்றிங்

பதில்: சகோதரி, கையொப்பம் இல்லாததைக் கொண்டு அதைப் போலி என்று சொல்லிவிட முடியாது. 78ஆம் பிரிவின்படி அனுப்பும் பிரதியில் கையொப்பத்தையும் திகதியையும் விட்டுவிட 1983ஆம் ஆண்டின் பிரதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் அனுமதிக்கின்றன. எச்எஸ்பிசி உள்ளிட்ட வங்கிகளுக்கு எதிரான வழக்குகளில் 2009 டிசெம்பர் 23ஆம் திகதி மான்செஸ்டரில் நீதிபதி வாக்ஸ்மன் வழங்கிய தீர்ப்பு இன்னும் ஒரு படி சென்றது: மூலப் பத்திரத்தின் ஒளிப்படப் பிரதிதான் வேண்டும் என்பதில்லை, தன்னிடமுள்ள வேறு பதிவுகளைக் கொண்டு வங்கி அதை மீள அமைத்தும் தரலாம் என்றார் அவர். ஆகவே “கையொப்பம் எங்கே?” என்று மட்டும் கேட்டு எழுதினால், அந்தத் தீர்ப்பைக் காட்டியே உங்களுக்குப் பதில் அனுப்புவார்கள்.

ஆனால் அதே தீர்ப்பு வங்கிகளுக்குக் கடமைகளையும் வைத்திருக்கிறது. மீள அமைத்த பிரதி நேர்மையானதாகவும் சரியானதாகவும் இருக்க வேண்டும். ஒப்பந்தம் செய்த காலத்தில் நீங்கள் இருந்த முகவரி அதில் இருக்க வேண்டும். நிபந்தனைகள் இடையில் மாறியிருந்தால், தொடக்கத்தில் இருந்தவையும் இன்று நடைமுறையில் உள்ளவையும் ஆகிய இரண்டையும் தர வேண்டும்.

இப்போது உங்கள் நான்கு பக்கங்களையும் மேசையில் விரித்துப் பாருங்கள். முதற் பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே ரூற்றிங் முகவரி அச்சாகியிருக்கிறது. 2003இல் எழுதிய ஒப்பந்தத்தில், 2011இல் நீங்கள் குடிவந்த வீடு எப்படி இருக்க முடியும்? மூன்றாம் பக்கத்தில் தாமதக் கட்டணம் 12 பவுண் என்றிருக்கிறது. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 12 பவுணுக்கு மேற்பட்ட தாமதக் கட்டணத்தை நியாயமற்றதாகக் கருதுவோம் என்று நியாய வர்த்தக அலுவலகம் அறிவித்தது 2006 ஏப்ரலில். அதற்குப் பிறகுதான் வங்கிகள் அந்தத் தொகைக்கு இறங்கின. அதற்கு முன் 20, 25 பவுண் அறவிடுவது வழக்கம். 2003இல் நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் 12 பவுண் இருந்திருக்கும் என்பதை நம்புவது கடினம். கடைசிப் பக்கத்தின் அடியில், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தால் தெரிகிற எறும்பெழுத்தில், 09/08 என்று முடியும் அச்சுக் குறியீடு ஒன்றும் இருக்கிறது. 2008 செப்டெம்பரில் அச்சான துண்டுப் பிரசுரத்தை எடுத்து, அதன் முன் உங்கள் பெயரை ஒட்டி, 2003ஆம் ஆண்டு ஒப்பந்தம் என்று அனுப்பியிருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

முகவரி, 12 பவுண், அச்சுக் குறியீடு ஆகிய மூன்றையும் சுட்டிக்காட்டி, 78ஆம் பிரிவு இன்னும் நிறைவேறவில்லை, 2003ஆம் ஆண்டு நிபந்தனைகளையும் இன்றைய நிபந்தனைகளையும் அனுப்புங்கள் என்று எழுதுங்கள். கோபத்தைக் காட்டாமல் எழுதுங்கள். பின்னாளில் ஒரு நீதிபதி அந்தக் கடிதத்தை வாசிக்கக்கூடும். அறவிட முடியாத நிலையில் இருக்கும் கடனுக்கு நீதிமன்ற நடவடிக்கை எடுக்கப்போவதாகக் காட்டி நுகர்வோரைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்பது நிதி நடத்தை அதிகார சபையின் நிலைப்பாடு. அப்படி மிரட்டினால் முதலில் அந்த நிறுவனத்திடமே முறையிடுங்கள். 8 வாரங்களில் திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் நிதிக் குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம்.

இத்தனையும் சரியாக வந்தாலும், இது 78ஆம் பிரிவைப் பற்றிய வெற்றி மட்டுமே. நாளை அவர்கள் சரியான பிரதியை அனுப்பிவிட்டால் அந்தத் தடை நீங்கும். அப்போது, 2003இல் நீங்கள் கையொப்பமிட்ட பத்திரத்திலேயே, முதற் பதிலில் சொன்ன கடன் வரம்பு, வட்டி வீதம், திருப்பிச் செலுத்தும் முறை ஆகிய மூன்றும் இருந்தனவா என்ற கேள்வி எழும். கோப்பு தொலைந்துபோனதும் கையொப்பம் இடப்படாமலே இருந்ததும் ஒன்றல்ல. அக்காலத்தில் எந்தப் படிவத்தைப் பயன்படுத்தினோம் என்று வங்கி அலுவலர் சொல்லும் சாட்சியத்தை நீதிபதி நம்பவும் கூடும். ஆகவே தவணையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை இந்தக் கடிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நிறுத்தினால் உங்கள் கடன் பதிவில் தவறுகை ஏறி 6 ஆண்டுகள் நிற்கும். வீட்டுக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் அது கனமான விலை.

கேள்வி: 2016இல் இணையத்தில் விண்ணப்பித்து எடுத்த அட்டை. நான் எந்தக் காகிதத்திலும் கையொப்பமிடவில்லை. ஒப்பந்தம் செல்லாது என்று வாதிடலாமா?
– வாசகர், மில்ரன் கீன்ஸ்

பதில்: அந்த வாதம் நிற்காது. இணையப் பக்கத்தில் பெட்டியில் அடையாளமிட்டு ஒப்புக்கொள்வதும் கையொப்பமாக ஏற்கப்படுகிறது. ஒப்பந்தம் 2007 ஏப்ரலுக்குப் பிந்தியது என்பதால், குறை ஏதும் இருந்தாலும் அதனால் உங்களுக்கு எவ்வளவு பாதிப்பு, தவறு யாருடையது என்பவற்றைப் பார்த்து அறவிட அனுமதிப்பதா என்பதை நீதிபதியே தீர்மானிப்பார். உங்கள் அட்டையில் வட்டியும் கட்டணங்களும் எப்படி ஏற்றப்பட்டன, கேட்காத காப்புறுதி ஏதும் சேர்க்கப்பட்டதா என்று பாருங்கள். கடன் கொடுத்தவருக்கும் உங்களுக்கும் இடையிலான உறவு நியாயமற்றது என்று 140அ பிரிவின் கீழ் வாதிடும் வழி, கையொப்பத்தைப் பற்றிய வாதத்தைவிட உங்களைப் போன்றவர்களுக்குப் பயனுள்ளது.

கேள்வி: 78ஆம் பிரிவின்படி எழுதி இரண்டு மாதங்களாகியும் பதில் இல்லை. ஆனால் நோர்தாம்ப்டனிலிருந்து 3,100 பவுணுக்கு வழக்குப் படிவம் வந்திருக்கிறது. “பதில் தராமல் வழக்கு வைக்க முடியாது, கிழித்துப் போடு” என்கிறார் மைத்துனர்.
– வாசகர், ஈஸ்ற் ஹாம்

பதில்: தயவுசெய்து கிழிக்காதீர்கள். படிவம் வந்தது உண்மையான நீதிமன்றத்திலிருந்து. நீங்கள் மறுமொழி கொடுக்காவிட்டால், ஒப்பந்தத்தை எவரும் ஒரு வரிகூட வாசிக்காமலே உங்களுக்கெதிராகத் தீர்ப்புப் பதிவாகிவிடும். வழக்குத் தொடங்குவது வேறு, அறவிடுவது வேறு என்பது முதற் பதிலில் சொன்ன 2009 ஒக்டோபர் ரோயல் பாங்க் ஒஃப் ஸ்கொட்லாந்து தீர்ப்பிலேயே இருக்கிறது. உங்கள் மைத்துனர் நினைப்பது போல வழக்கு வைப்பதையே 78ஆம் பிரிவு தடுப்பதில்லை. வழக்குக்கு நீங்கள் சொல்லும் மறுமொழியில்தான் அந்தப் பிரிவு உங்களுக்கு உதவும்.

படிவத்தில் உள்ள வழங்கிய திகதியோடு 5 நாட்களைக் கூட்டுங்கள். அன்று அது உங்களுக்குக் கிடைத்ததாகக் கொள்ளப்படும். அதிலிருந்து 14 நாட்களுக்குள், படிவம் கிடைத்ததை ஏற்று, முழுத் தொகையையும் எதிர்க்கப் போவதாக இணையத்திலோ தபாலிலோ தெரிவித்தால், மறுமொழி கொடுப்பதற்கு மொத்தம் 28 நாட்கள் கிடைக்கும். மறுமொழியில் எந்தத் திகதியில் 78ஆம் பிரிவின்படி கேட்டீர்கள், பதில் வரவில்லை என்பதை எழுதுங்கள். ஒப்பந்தத்தையும், 87ஆம் பிரிவின்படி அனுப்பியிருக்க வேண்டிய தவறுகை அறிவித்தலையும், கடன் தமக்கு மாற்றப்பட்டதற்கான எழுத்து மூல அறிவித்தலையும் நிரூபிக்கும்படி அவர்களைக் கேளுங்கள். 2017 ஒக்டோபர் 1 முதல், வழக்குக்கு முன் ஒரு கடிதமும் மறுமொழிப் படிவமும் அனுப்பி 30 நாட்கள் அவகாசம் தர வேண்டும் என்ற நடைமுறையும் இருக்கிறது. அது வந்ததா என்று பழைய தபால்களைத் தேடிப் பாருங்கள், வராவிட்டால் அதையும் குறிப்பிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அட்டையை நீங்கள்தான் எடுத்தீர்கள் என்றால், எடுக்கவே இல்லை என்று எழுதாதீர்கள். மறுமொழியின் அடியில் இருப்பது உண்மையென உறுதிகூறும் கையொப்பம். அங்கே பொய் சொல்வது நீதிமன்ற அவமதிப்பாகலாம். அவர்களிடம் ஆவணம் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. அதற்குப் பொய் தேவையே இல்லை.

கேள்வி: அப்பா சென்ற ஆண்டு இறந்துவிட்டார். அவரது கடனட்டையில் 4,000 பவுண் நிலுவை. அம்மாவுக்கு அதே கணக்கில் மேலதிக அட்டை ஒன்று இருந்தது. கடனை வாங்கிய நிறுவனம் தொலைபேசியில் கேட்டபோது மறுக்கத் தெரியாமல், அம்மா தன் ஓய்வூதியத்திலிருந்து மாதம் 50 பவுண் கட்டி வருகிறார். அவர் கட்டத்தான் வேண்டுமா?
– வாசகி, லெஸ்ரர்

பதில்: வேண்டியதில்லை. ஒப்பந்தம் அப்பாவுக்கும் வங்கிக்கும் இடையில் செய்யப்பட்டது. மேலதிக அட்டை வைத்திருந்தவர் அந்தக் கணக்கைப் பயன்படுத்த அனுமதி பெற்றவரே தவிர, கடனுக்குப் பொறுப்பேற்றவர் அல்ல. அப்பாவின் கடன் அவர் விட்டுச் சென்ற ஆதனத்திலிருந்து மட்டுமே தீர்க்கப்பட வேண்டியது. ஆதனத்தில் பணம் இல்லையென்றால் மனைவியிடமோ பிள்ளைகளிடமோ கேட்க முடியாது. வீடு அப்பாவின் பெயரிலோ இருவர் பெயரிலோ இருந்தால் மட்டும், அதன் உரிமை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒரு சட்டத்தரணியிடமோ சிற்றிசன்ஸ் அட்வைஸிடமோ காட்டிக் கேளுங்கள்.

நம் வீடுகளில் கணவர் பட்ட கடனைக் கட்டி முடிப்பதை மனைவியர் கடமையாகவே நினைக்கிறார்கள். அந்த மனதை நான் மதிக்கிறேன். ஆனால் தொலைபேசியில் பேசியவர் அந்த மனதைத்தான் பயன்படுத்தியிருக்கிறார். மரணச் சான்றிதழின் பிரதியோடு, ஆதனத்தைப் பற்றிய தொடர்புகளை எழுத்தில் மட்டும், உங்கள் பெயருக்கு அனுப்பும்படி கடிதம் எழுதுங்கள். அம்மாவை இனி அழைக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். இதுவரை அவர் கட்டிய தொகையைத் திருப்பித் தரும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். வங்கியில் இருக்கும் அந்த மாதாந்த 50 பவுண் கட்டளையை, அடுத்த கொடுப்பனவு நாள் வருவதற்கு முன் அம்மாவோடு சென்று நிறுத்திவிடுங்கள்.